வேலைநிறுத்தமா, கதவடைப்பா? தொழில் தகராறுச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்கத்துக்குத் துண்டறிக்கை எழுதுகிறவர்கள், செய்தி எழுதுகிறவர்கள், தொழிலாளர் சட்டம் படிக்கும் மாணவர்கள், ஆலையில் புதிதாகச் சேர்ந்து “அது என்னண்ணே டுவெல் த்ரீ?” என்று கேட்கிற பையன்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலும் தமிழ்நாட்டு வழக்கை ஒட்டியவை. இலங்கையிலும் மலேசியாவிலும் சொல் மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

சட்டம் பற்றி முதலிலேயே ஒரு குறிப்பு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம்தான் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியாவில் இந்தச் சொற்களுக்கெல்லாம் பொருள் வரையறுத்தது. அதன் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆனால் கேட் மீட்டிங்கிலும் லேபர் ஆபீஸிலும் பேச்சு இன்னும் பழைய பிரிவு எண்களில்தான் ஓடுகிறது. அதனால் இரண்டும் இங்கே வரும்.

வேலைநிறுத்தம் என்றால் சட்டப்படி என்ன?

ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் பலர் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, ஒரே முடிவாக, வேலை செய்ய மறுப்பது. எவ்வளவு நேரம் என்பது கணக்கில்லை. ஷிஃப்டில் அரை மணி நேரம் எல்லாரும் சேர்ந்து தறியை நிறுத்தினாலும் அது வேலைநிறுத்தம்தான். தனி ஒருவர் கோபித்துக்கொண்டு வராமல் இருந்தால் அது ஆப்சென்ட், அவ்வளவே.

சேர்ந்து நிறுத்துவது என்பதே ஒரு காலத்தில் குற்றம்போலப் பார்க்கப்பட்டது. 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியபோது அவர்களுக்குச் சங்கமும் இல்லை, அவர்களைக் காக்கச் சட்டமும் இல்லை. வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டம் போட்டுப் பேசினார்கள், ஊர் துணை நின்றது. கூலி உயர்வோடு அது முடிந்தது. சில நாட்களிலேயே, மார்ச் 12 அன்று, இருவரும் கைதானார்கள்.

கதவடைப்பு என்பது எது? அதையும் சில செய்திகளில் வேலைநிறுத்தம் என்றே எழுதுகிறார்களே?

அதனால்தான் இந்தப் பக்கமே எழுத வேண்டியிருக்கிறது. வேலையை நிறுத்தியது யார் என்பதில்தான் வேறுபாடு. தொழிலாளி நிறுத்தினால் வேலைநிறுத்தம். முதலாளி கேட்டைப் பூட்டினாலோ, வேலையை நிறுத்திவைத்தாலோ, குறிப்பிட்ட தொழிலாளர்களை உள்ளே விட மறுத்தாலோ கதவடைப்பு. மெஷின் ஓடவில்லை என்பது இரண்டுக்கும் பொது. சம்பளம் யார் தலையில் விடியும் என்பது இரண்டிலும் வேறு.

எந்த நிர்வாகமும் அறிவிப்புப் பலகையில் ‘கதவடைப்பு’ என்று பெரிய எழுத்தில் போடுவதில்லை. கேட்டில் ஒட்டப்படும் தாளில் வழக்கமாக இருக்கும் வாசகம் இந்தத் தினுசில் போகும்: தொழிலாளர்களில் ஒரு பகுதியினரின் ஒழுங்கீனமான செயல்களால் ஆலையின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு மறு அறிவிப்பு வரும் வரை இயக்கம் நிறுத்திவைக்கப்படுகிறது. கீழே பொது மேலாளர் கையெழுத்து, முத்திரை, நகல் தொழிலாளர் துறைக்கும் காவல் நிலையத்துக்கும். ‘நிறுத்திவைக்கப்படுகிறது’ என்ற செயப்பாட்டு வினையில் நிறுத்தியவர் காணாமல் போகிறார். அந்தத் தாளை வைத்து அப்படியே செய்தி எழுதினால் மறுநாள் தலைப்பு ‘தொழிலாளர் போராட்டத்தால் ஆலை மூடல்’ என்று வரும்.

இதைவிடச் சிக்கலான நிலை ஒன்று உண்டு. வேலைநிறுத்தத்தில் இருந்தவர்கள் பத்தாம் நாள் வேலைக்குத் திரும்ப வருகிறார்கள். கேட்டில் செக்யூரிட்டி ஒரு பாரத்தை நீட்டுகிறார். ‘இனி எந்தப் போராட்டத்திலும் ஈடுபட மாட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்களாம். இதற்கு நன்னடத்தை உறுதிமொழி என்று பெயர். கையெழுத்துப் போட மறுத்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். நேற்று வரை அது வேலைநிறுத்தம். இன்று காலையிலிருந்து அதைக் கதவடைப்பு என்று வாதிட இடம் இருக்கிறது. வேலைக்கு வந்ததற்கான சான்றாக அந்தக் காலையில் கேட்டில் எடுத்த படம், லேபர் ஆபீஸுக்கு அனுப்பிய தந்தி என்றெல்லாம் முன்பு சங்கத்தார் சேர்த்துவைப்பார்கள். இப்போது செல்போன் வீடியோவும் மின்னஞ்சலும்.

சென்னைக்கு இந்தச் சொல்லோடு பழைய உறவு உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, திரு. வி. க. போன்றோர் துணையுடன் சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் தொடங்கியது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களே அதன் அடித்தளம். 1920 தகராறில் ஆலை பூட்டப்பட்டது மட்டுமில்லாமல், ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளர்களைத் தூண்டினார் என்று வாடியா மீது நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடையும் வாங்கியது. சங்கம் நடத்துவதற்காக ஒருவரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியும் என்ற நிலை கண்டு எழுந்த கோரிக்கைதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வரை கொண்டுபோய் விட்டது.

கடையடைப்பு, பந்த், முழு அடைப்பு, ஹர்த்தால் எல்லாம் ஒன்றா?

கடையடைப்பு வணிகர்கள் செய்வது. அதில் முதலாளி, தொழிலாளி தகராறு கிடையாது. பந்தும் முழு அடைப்பும் ஒன்றே. முன்னது இந்தி, பின்னது தமிழ். கட்சிகளோ கூட்டமைப்புகளோ ஊரையே நிறுத்தச் சொல்லி அழைப்பு விடுவது அது. பந்த் என்ற பெயரில் மக்களை வற்புறுத்தி முடக்குவது சட்டத்துக்குப் புறம்பானது என்று கேரள உயர் நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது, அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகு கேரளத்தில் அதே சங்கதி ‘ஹர்த்தால்’ என்ற பெயரில் நடக்க ஆரம்பித்தது. பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கிற பழக்கம் போராட்டக்காரர்களுக்கும் உண்டு, நிர்வாகங்களுக்கும் உண்டு.

ஹர்த்தால் குஜராத்தி வழி வந்த சொல். 1919 மார்ச்சில் சென்னையில் ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தபோதுதான், ரவுலட் சட்டத்துக்கு எதிராக நாடு முழுவதும் ஒரு நாள் வேலையை நிறுத்தி நோன்பிருக்கலாம் என்ற எண்ணம் காந்திக்கு விடியற்காலைக் கனவுபோல வந்தது. ஏப்ரல் 6 அன்று அது நடந்தது.

லாரி ஸ்டிரைக், மீனவர் வேலைநிறுத்தம் என்கிறோமே, அவையும் வேலைநிறுத்தம்தானா?

பேச்சில் ஆம். சட்டத்தில் இல்லை. 2018 ஜூலையில் எட்டு நாள் நடந்த லாரி ஸ்டிரைக்கில் வண்டியை நிறுத்தியவர்கள் உரிமையாளர்கள். டீசல் விலையும் சுங்கக் கட்டணமும் அவர்கள் பிரச்சினை. டிரைவருக்கும் கிளீனருக்கும் அந்த எட்டு நாள் படி போனது, அவ்வளவுதான். ராமேஸ்வரம் மீனவர்கள் இலங்கைக் கடற்படைக் கைதுகளைக் கண்டித்துக் கடலுக்குப் போகாமல் இருக்கும்போதும் எதிரில் முதலாளி என்று ஒருவர் இல்லை. கோரிக்கை அரசிடம். சோமனூர், பல்லடம் பக்கம் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக்காரர்கள் நிலை இன்னும் விநோதம். தறி அவர்களுடையது, பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளருடையது. தறியை நிறுத்தும்போது அவர்கள் முதலாளியா, தொழிலாளியா? தன் தறியில் ஆள் வைத்து ஓட்டுகிறவர் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தும்போது, அவரிடம் வேலை பார்க்கிறவருக்கு அது கதவடைப்பாகவே வந்து விழுகிறது.

இவற்றுக்கெல்லாம் ‘வேலைநிறுத்தம்’ என்று எழுதுவதில் தவறில்லை. ஆனால் முதல் பத்தியிலேயே யார் நிறுத்தியது, யாரிடம் கோரிக்கை என்று சொல்லிவிட வேண்டும்.

அடையாள வேலைநிறுத்தம் என்றால்?

ஒரு நாள், சில நேரம் ஒரு ஷிஃப்ட். எச்சரிக்கைக்காக. அதற்கு எதிர்ப்பதம் காலவரையற்ற வேலைநிறுத்தம். வேறொரு ஆலையின் தொழிலாளருக்குத் துணையாகச் செய்வது ஆதரவு வேலைநிறுத்தம்.

வேலைக்கு வந்துகொண்டே போராடுவதற்கு என்னென்ன பெயர்கள்?

தமிழில் இதற்குத்தான் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. மெல்லியதிலிருந்து ஆரம்பித்தால், முதலில் கறுப்பு பேட்ஜ் அணிவது. அடுத்து வாயிற்கூட்டம் என்கிற கேட் மீட்டிங். ஷிஃப்ட் மாறும் நேரத்தில், உள்ளே போகிறவனும் வெளியே வருகிறவனும் சந்திக்கும் பத்து நிமிடத்தில், கேட்டுக்கு வெளியே ஒரு மைக்கை வைத்துப் பேசுவது. பேசுகிறவருக்குச் சுருக்கமாகப் பேசத் தெரிந்திருக்க வேண்டும், பஸ் கிளம்பிவிடும். பிறகு கேன்டீன் புறக்கணிப்பு. சாப்பாடு சமைத்து வைத்திருக்க, ஆயிரம் பேர் டிபன் பாக்ஸோடு மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். நிர்வாகத்துக்கு நஷ்டம் என்று பார்த்தால் அன்றைய சாம்பார்தான். ஆனால் எத்தனை பேர் சங்கத்தின் பேச்சைக் கேட்கிறார்கள் என்பதற்கு அதைவிடத் துல்லியமான எண்ணிக்கை வேறு கிடையாது. மனிதவளத் துறை அதிகாரிகள் அந்த மரத்தடியைத்தான் கவனிப்பார்கள். அடுத்தது ஓவர்டைம் மறுப்பு.

விதிப்படி வேலை என்பது நூலகத்தில் வைக்க வேண்டிய சாமர்த்தியம். விதிப் புத்தகத்தில் உள்ளதை ஒன்று விடாமல் செய்வார்கள். பஸ் டிப்போவில் பிரேக், ஹார்ன், வைப்பர், முதலுதவிப் பெட்டி எல்லாம் சரியாக இருந்தால்தான் வண்டியை எடுப்பேன் என்று ஒவ்வொரு டிரைவரும் சொன்னால் காலை ஒன்பது மணிக்குப் பாதி வண்டி டிப்போவிலேயே நிற்கும். அதிகாரியால் குறை சொல்லவும் முடியாது. அன்றாடம் வண்டி ஓடுவதே விதியை வளைத்துத்தான் என்பது இதில் வெளிப்பட்டுவிடும்.

மெதுவாக வேலை செய்வது இதிலிருந்து வேறு. அது வேண்டுமென்றே உற்பத்தியைக் குறைப்பது. பழைய சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தொழிலாளர் தரப்பின் நேர்மையற்ற தொழில் நடைமுறைகள் என்ற பட்டியலில் அது இருந்தது. நீதிமன்றங்களும் அதை முழு வேலைநிறுத்தத்தைவிடக் கடுமையாகவே பார்த்திருக்கின்றன, காரணம் முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டே செய்வது என்பதுதான். அதனால் துண்டறிக்கையில் ‘விதிப்படி வேலை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘மெதுவாக வேலை செய்யும் போராட்டம்’ என்று யாராவது எழுதிவிட்டால் அந்தத் தாளே சார்ஜ் ஷீட்டோடு இணைக்கப்படும்.

அலுவலகங்களில் பேனா கீழே வைக்கும் போராட்டம். இருக்கையில் இருப்பார்கள், கோப்பு நகராது. பேனா போய்க் கணினி வந்த பிறகும் பெயர் மாறவில்லை. ஆலைக்குள்ளேயே மெஷினருகே உட்கார்ந்துவிட்டால் உள்ளிருப்பு. இந்த இரண்டும் வேலை மறுப்பு என்பதால் சட்டத்தின் கண்ணில் வேலைநிறுத்தமே.

ஒட்டுமொத்தத் தற்செயல் விடுப்பு எடுத்தால் அது வேலைநிறுத்தம் ஆகாது என்கிறார்களே?

அரசு ஊழியர் சங்கங்கள் ரொம்பக் காலமாக நம்பிய வழி இது. விடுப்பு என் உரிமை, எல்லாரும் ஒரே நாளில் எடுத்தது தற்செயல் என்பது வாதம். தொழில் உறவுகள் தொகுப்பு இதற்கு நேராகவே கதவைச் சாத்திவிட்டது. அதன் வரம்புக்குள் வரும் தொழில்களில், தொழிலாளர்களில் ஐம்பது சதவீதமோ அதற்கு மேலோ ஒரே நாளில் பேசிவைத்துத் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம் என்று வரையறையிலேயே சேர்த்திருக்கிறார்கள்.

கெரோ என்பது தர்ணாவா?

இல்லை. தர்ணாவில் நீங்கள் உட்காருகிறீர்கள். கெரோவில் அதிகாரியை எழுந்து போகவிடாமல் செய்கிறீர்கள். 1967இல் மேற்கு வங்கத்தில் ஐக்கிய முன்னணி ஆட்சியின்போது இந்தச் சொல் இந்தியா முழுக்கப் பரவியது. தொழிலாளர் அமைச்சர் சுபோத் பானர்ஜிக்குக் கெரோ மந்திரி என்றே பெயர் விழுந்தது. போலீஸ் தலையிடக் கூடாது என்ற தோரணையில் போன சுற்றறிக்கையைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் ரத்து செய்தது. தமிழ்ச் செய்திகளில் ‘அதிகாரியை முற்றுகையிட்டனர்’ என்று போடுவது வழக்கம். முற்றுகை என்பது அலுவலகத்தைச் சூழ்ந்து நிற்பதற்கும் சொல்லப்படுகிறது. ஆளை அடைத்துவைத்தார்களா, வாசலில் நின்றார்களா என்று தெளிவாக எழுதாவிட்டால் குற்றவியல் வழக்கில் அந்தச் செய்தியே யாருக்காவது வினையாக முடியும்.

மறியல் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

மறி என்பதற்குத் தடு என்று பொருள். விடுதலைப் போராட்டத்தில் கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணிக்கடை மறியல். இன்று சாலை மறியல், ரயில் மறியல். ஆலை வாசலில் நின்று உள்ளே போகிறவர்களிடம் ‘போகாதே’ என்று சொல்வதுதான் தொழிலாளர் பொருளில் மறியல். இலங்கையில் இதைப் பயன்படுத்தும்போது கவனம் வேண்டும். அங்கே மறியல் என்றால் சிறை. விளக்கமறியலில் வைத்தார்கள் என்றால் ரிமாண்ட் செய்தார்கள் என்று பொருள்.

கருங்காலி என்று ஏன் திட்டுகிறார்கள்?

வேலைநிறுத்தத்தை மீறி வேலைக்குப் போகிறவரைக் குறிக்கும் வசவு இது. (இன்று இணையத்தில் கருங்காலி என்று தேடினால் மாலை விளம்பரம்தான் வரும். அது வேறு வியாபாரம்.) கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்து மரங்களையே வெட்டும் மரம் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். ஆங்கிலேயர் வேலைநிறுத்தத்தை மீறுபவனை ‘பிளாக்லெக்’ என்று அழைத்தது, கறுப்புக் கால் என்று சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் கருங்காலியோடு அப்படியே பொருந்துகிறது. கோடரிக் காம்பு விளக்கம் காதுக்கு இனிமை. எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது.

சொல்லைப் பயன்படுத்துமுன் யோசிக்க ஒரு காரணம் இருக்கிறது. 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆதி திராவிடர் தலைவர் எம். சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். கையில் நிலமோ சேமிப்போ இல்லாதவன் எத்தனை மாதம் பட்டினி கிடப்பான் என்பதும், சாதி இந்துக்கள் நடத்தும் சங்கத்தில் தனக்கு என்ன இடம் என்பதும் அவர்கள் கேள்விகள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. அந்த வேலைநிறுத்தத்தை உடைத்தது கருங்காலிகள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகலாம். அந்தச் சொல், உள்ளே போனவன் ஏன் போனான் என்று கேட்பதே இல்லை.

அதே நேரம், வேலைநிறுத்த நாட்களில் நிர்வாகம் வெளியிலிருந்து அழைத்துவரும் ஆட்களுக்கும் நிரந்தரமாகப் பதிலி வேலை பார்ப்பவர்களுக்கும் வித்தியாசம் உண்டு. பதிலி என்பவர் ஆள் வராத நாளில் கேட்டில் காத்திருந்து வேலை வாங்குபவர். பஞ்சாலைகளில் பத்து வருடம் பதிலியாகவே இருந்தவர்கள் உண்டு. அவர் கருங்காலி அல்ல.

தொழில் தகராறா, தொழில் தாவாவா?

இரண்டும் ஒன்றே. சட்டத்தில் தகராறு, சங்க வழக்கில் தாவா. ‘ஐ.டி. போட்டாச்சு’ என்றாலும் இதேதான், இண்டஸ்ட்ரியல் டிஸ்பியூட் என்பதன் சுருக்கம். இதை மென்பொருள் கம்பெனியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சம்பளம், வேலை, வேலை நிலைமைகள் பற்றி முதலாளிக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே வரும் பூசல்தான் தாவா. தனி ஒருவரின் வேலைநீக்கமும் 1965இல் பழைய சட்டத்தில் 2ஏ பிரிவு சேர்க்கப்பட்ட பிறகு தாவாவாகிறது, பின்னால் சங்கம் நிற்கவேண்டிய கட்டாயம் இல்லை.

12(3), 18(1) என்று சொல்வது எதை?

இரண்டும் பழைய சட்டத்தின் பிரிவு எண்களால் அழைக்கப்படும் ஒப்பந்தங்கள். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில் சமரசப் பேச்சின்போது ஏற்படுவது 12(3). நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் பேசி முடிப்பது 18(1). 18(1) கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்தும். 12(3) அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும், சங்கத்தில் இல்லாதவரையும், நாளை சேரப் போகிறவரையும் சேர்த்து. ஒரு நிர்வாகம் தனக்கு இணக்கமான சிறு சங்கத்தோடு அவசரமாக 12(3) போட்டுவிட்டால் பெரிய சங்கம் பதறுவது இதனால்தான். புதிய தொகுப்பில் ஐம்பத்தோரு சதவீதம் உறுப்பினர் உள்ள சங்கமே நிர்வாகத்தோடு பேச உரிமையுள்ள ஒரே சங்கம் என்று வைத்திருக்கிறார்கள்.

12(3) கையெழுத்தாகும் நாளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு அறையில் நிர்வாகம், இன்னொரு அறையில் சங்கம், நடுவில் சமரச அதிகாரி மாறி மாறி நடப்பார். மதியம் மூன்று மணிக்கு முடிந்ததாகச் சொன்ன பேச்சு, ‘வேலைநிறுத்த நாட்கள்’ என்ற ஒரே ஷரத்தில் இரவு ஒன்பது வரை நிற்கும். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா, இருக்கும் விடுப்பில் கழிப்பதா, பணித்தொடர்ச்சி உண்டா, சஸ்பெண்டு ஆனவர்கள் எப்போது உள்ளே வருவார்கள்? கூலி உயர்வு தொகையைவிட இதில்தான் நேரம் போகும். பேச்சு முறிந்தால் அதிகாரி எழுதுவது முறிவறிக்கை.

இன்னொரு குழப்பம் ‘செட்டில்மென்ட்’. சங்கத்தார் வாயில் அது ஊதிய ஒப்பந்தம். தெருவில் ‘செட்டில்மென்ட் வாங்கிட்டான்’ என்றால் கணக்கை முடித்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டான் என்று அர்த்தம்.

லே-ஆஃப் என்றால் வேலையை விட்டு எடுப்பதுதானே?

மென்பொருள் கம்பெனிகளில் அந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள். அது அமெரிக்க வழக்கு. இந்தியச் சட்டத்தில் லே-ஆஃப் தற்காலிகமானது. மின்சாரம் இல்லை, கரி இல்லை, மூலப்பொருள் இல்லை, சரக்குத் தேங்கிவிட்டது, மெஷின் பழுது, இயற்கைப் பேரிடர் ஆகிய காரணங்களால், பட்டியலில் பெயர் உள்ள தொழிலாளிக்கு வேலை கொடுக்க இயலாமல் போவது. தகுதியுள்ள தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி இழப்பீடாகக் கிடைக்கும். மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடங்களில் கோவைப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு இந்தச் சொல் நன்றாகவே மனப்பாடம்.

மென்பொருள்காரர்கள் சொல்வது சட்டப்படி பெரும்பாலும் ஆட்குறைப்பு. ஒழுங்கு நடவடிக்கையாக அல்லாமல் வேறு காரணத்துக்காக வேலையை முடிப்பது அது. முன்னறிவிப்பு வேண்டும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் வேண்டும், கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது பொது விதி. அதனால்தான் பல இடங்களில் ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ராஜினாமா கடிதம் எழுதி வாங்குகிறார்கள். தானாகப் போனவனுக்கு ஆட்குறைப்பு விதிகள் பொருந்தாது அல்லவா. குற்றச்சாட்டின் பேரில் அனுப்பினால் பணிநீக்கம். தற்காலிகமாக நிறுத்திவைத்தால் பணியிடைநீக்கம். இந்த இரண்டையும் மாற்றி எழுதும் செய்திகள் தினமும் வருகின்றன.

நிறுவனத்தை நிரந்தரமாக முடிப்பது மூடல். பழைய சட்டத்தில் நூறு பேரும் அதற்கு மேலும் உள்ள ஆலைகள் லே-ஆஃப், ஆட்குறைப்பு, மூடல் மூன்றுக்கும் அரசின் முன்அனுமதி வாங்க வேண்டும். புதிய தொகுப்பில் அந்த எண் முந்நூறு.

சட்டவிரோத வேலைநிறுத்தம் என்றால் சம்பளம் போய்விடுமா?

சட்டபூர்வமாக இருந்தாலும் பொதுவாக வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை. வேலைநிறுத்தம் சட்டப்படியும் இருந்து, நியாயமாகவும் இருந்தால்தான் அந்த நாட்களுக்குக் கூலி கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1994இல் சிண்டிகேட் வங்கி வழக்கில் சொன்னது. இரண்டும் தனித்தனிச் சோதனை. நோட்டீஸ் கொடுக்காததால் சட்டவிரோதமான வேலைநிறுத்தத்திலும் கோரிக்கை நியாயமாக இருக்கலாம்.

நோட்டீஸ் விஷயத்தில் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு குடிநீர், போக்குவரத்து போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே கட்டாயமாக இருந்த முன்னறிவிப்பு, இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும். நோட்டீஸ் கொடுத்துப் பதினான்கு நாள் பொறுக்க வேண்டும். சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால் அது நடக்கும் வரையிலும் முடிந்து ஏழு நாள் வரையிலும் வேலைநிறுத்தம் கூடாது. நோட்டீஸ் கொடுத்தவுடன் சமரசம் தொடங்கினால், சட்டப்படி வேலையை நிறுத்த எந்த நாள் மிஞ்சும் என்று காலண்டரை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

‘ஒரு நாளைக்கு எட்டு நாள் பிடிப்பாங்க’ என்று ஆலைகளில் சொல்வது வெறும் பயமுறுத்தல் இல்லை. பத்துப் பேரும் அதற்கு மேலும் சேர்ந்து முன்னறிவிப்பின்றி வராமல் இருந்தால், வேலை நிபந்தனைகளில் அதற்கு இடமிருக்கும்பட்சத்தில், எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்க ஊதியச் சட்டம் அனுமதிக்கிறது.

அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை உண்டா?

2003 ஜூலையில் தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, டெஸ்மா என்கிற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் சுமார் 1,70,000 பேரை ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், டி. கே. ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பெரும்பாலானவர்கள் திரும்பினார்கள். அந்தத் தலைமுறை ஊழியர்களிடம் ‘டெஸ்மா’ என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு நின்றுவிடும்.

இலங்கைச் செய்திகளில் வரும் பணிப்பகிஷ்கரிப்பு என்ன?

அங்கே வேலைநிறுத்தத்துக்குப் பரவலாக வழங்கும் சொல். பணிப்புறக்கணிப்பு என்றும் எழுதுவார்கள். தமிழ்நாட்டில் புறக்கணிப்பு என்றால் வழக்கறிஞர்களின் நீதிமன்றப் புறக்கணிப்புதான் முதலில் நினைவுக்கு வரும்.

ஹர்த்தால் அங்கே உயிரோடு இருக்கிறது. வடக்கு, கிழக்கில் இன்றும் ஹர்த்தால் அழைப்பு விடுக்கிறார்கள். அதன் வேர் 1953 ஆகஸ்ட் 12. அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதை எதிர்த்து நாடு நின்றது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடியது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். 1980 ஜூலைப் பொது வேலைநிறுத்தத்துக்கு முடிவு வேறு மாதிரி. சுமார் 40,000 பேர் வேலை இழந்தார்கள்.

மலையகத்தில் இன்னொரு பெயரும் உண்டு. 1986இல் குடியுரிமைக் கோரிக்கைக்காக இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் தொண்டமான் தலைமையில் தோட்டத் தொழிலாளர்கள் நடத்தியது ‘பிரார்த்தனை’. கொழுந்து பறிக்கப் போகாமல் சாமி கும்பிடுகிறவரை எந்தத் துரை எந்தப் பிரிவின் கீழ் குற்றம் சாட்டுவார்?

மலேசியத் தமிழர் வரலாற்றில்?

1941இல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் நடந்தது முக்கியமானது. கோரிக்கைகளில் சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்கச் சொல்வதும் இருந்தது. தொழிலாளர் தலைவர் ஆர். எச். நாதன் கைதானதும் வேலைநிறுத்தம் பரவ, ராணுவம் வரவழைக்கப்பட்டது.

வேலைநிறுத்தம் ‘வாபஸ்’, ‘ஒத்திவைப்பு’, ‘முடிவு’: எதை எழுதுவது?

சங்கம் எதைச் சொன்னதோ அதை. வாபஸ் என்றால் கோரிக்கை தீர்ந்தோ தீராமலோ அழைப்பு திரும்பப் பெறப்பட்டது, மறுபடி போக வேண்டுமானால் புதிய நோட்டீஸ். ஒத்திவைப்பு என்றால் கோரிக்கை அப்படியே நிற்கிறது, தேதி மட்டும் தள்ளிப்போகிறது என்பது சங்கத்தின் நிலைப்பாடு. நிர்வாகம் தரும் செய்திக்குறிப்பில் எப்போதும் வாபஸ் என்றே இருக்கும். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் நடந்த வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. சங்கப் பதிவுக்கான வழக்கோ அதற்குப் பிறகும் தொடர்ந்தது. அதைப் ‘போராட்டம் முடிந்தது’ என்று எழுதியவர்களும் உண்டு, ‘வேலைக்குத் திரும்பினர்’ என்று எழுதியவர்களும் உண்டு. இரண்டாவது வாக்கியத்தைத்தான் நான் எடுத்துக்கொள்வேன்.